லோவெல் ஓஸ்ட்பிக்குச் சுவரில் இடம் கிடைத்த கதை

ஈத்தூண்டில் கடைக்குள் காலெடுத்து வைக்கிறவன் முட்டாள் என்று லோவெல் ஓஸ்ட்பி சொல்லாத நாள் கிடையாது. சொல்லிவிட்டு, அதே கடைக்கு எதிரே வண்டியை நிறுத்திக்கொண்டு, உள்ளே யார் போகிறார், வெளியே வரும்போது கையில் என்ன வைத்திருக்கிறார் என்று பார்த்துக்கொண்டும் இருப்பார். குளிர்காலத்தில் வண்டிக் கண்ணாடியில் ஆவி படியும். அதைச் சட்டைக் கையால் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார். அவ்வளவு அக்கறை அந்த முட்டாள்கள் மேல்.

ஓமஹாவில் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம் உழைத்தவர். உழைப்பு என்றால் என்ன? ஆலங்கட்டி மழையில் கூரை பொத்துப்போன ஏழை யாராவது இழப்பீடு கேட்டால், இவர் ஏணி போட்டு ஏறிப் பார்த்து, இது பழைய ஓட்டை என்று எழுதிவிட்டு இறங்குவார். அந்தத் தொழிலில் அவருக்குப் பதக்கம்கூடக் கொடுத்தார்களாம். அப்படிப்பட்ட மனிதர், ஓய்வு பெற்றதும் ஆற்றோரம் நிம்மதியாக இருக்கலாம் என்று மொன்டானாவுக்கு, அதிலும் தேடிப் பிடித்து எங்கள் ஸ்டில்சனுக்கு வந்து சேர்ந்தார். வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. நிம்மதி யாருக்கு என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஸ்டில்சனில் ஆறு இருக்கிறது, ஆற்றில் ட்ரௌட் மீன் இருக்கிறது, ரோண்டாவின் ஈத்தூண்டில் கடை இருக்கிறது. மற்றதெல்லாம் இந்த மூன்றுக்கும் எடுபிடி. புழு வைத்துப் பிடிப்பதை எங்கள் ஊரில் மீன்பிடி என்றே யாரும் சொல்வதில்லை. முள்ளில் கோழியிறகையும் மான்மயிரையும் கட்டி, அதை ஆற்றில் பறக்கும் ஈ என்று மீனை நம்பவைக்க வேண்டும். மீன் லேசில் நம்பாது. இன்று தின்கிற ஈயை நாளைக்குத் திரும்பிக்கூடப் பார்க்காது. அன்றன்றைக்கு அதற்கு என்ன பிடிக்கிறது என்பது ரோண்டாவுக்குத் தெரியும். காலையில் கடை திறந்ததும் வாசலில் இருக்கும் கரும்பலகையில் எழுதிவைப்பாள். தண்ணீர் எவ்வளவு, எந்த ஈ, எந்த இடம் வேண்டாம், எல்லாம் அதில் இருக்கும். மேற்கொண்டு சந்தேகம் கேட்டால் வாய் ஓயாமல் சொல்வாள். அவள் வாய்க்கு ஆறு தேவலாம். பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடிக்கலாம். தூண்டில் வீசத் தெரியாதவனைப் பின்பக்கப் புல்தரைக்கு இழுத்துப்போய், மணிக்கட்டைப் பிடித்துத் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுப்பாள். எதற்கும் காசு கிடையாது. போகும்போது மூன்று ஈ வாங்கிக்கொண்டு போவது வழக்கம். யாரும் சொல்லி வந்த வழக்கம் இல்லை. மனுஷனுக்கு மனுஷன் காட்டுகிற மரியாதை, அவ்வளவுதான்.

லோவெல் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். மூன்று ஈ என்ன, ஈயின் ஒரு காலைக்கூட வாங்கமாட்டார். எல்லாம் கம்ப்யூட்டரில் தருவித்துக்கொள்வார். அதில் பாதி விலை என்பார். பாதி விலைக்கு வந்த ஈயெல்லாம் வேறு எந்த நாட்டு மீனுக்கோ கட்டியவை. கட்டைவிரல் பருமன், கல்யாண வீட்டுத் தோரணம் மாதிரி மினுமினுப்பு. எங்கள் ஆற்று மீன் அதைப் பார்த்துப் பயந்து ஓடியதே தவிர வாயைத் திறக்கவில்லை. கரும்பலகையைக் கண்ணால் பார்த்தாலே காசு கேட்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, அணையைத் திறந்துவிட்ட நாளில் ஆற்றில் இறங்கி, தொப்பியையும் தூண்டிலையும் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு வில்லோ மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற கூத்தும் நடந்தது. ஒன்பது வருஷத்தில் அவர் பிடித்த பெரிய மீன் ஒரு சாண் இருக்கும். அதுவும் அவர் கையால் சாண்.

அவர் கடைக்குள் போகவே இல்லை என்று சொன்னால் பொய். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் போனார். ஆற்றில் இறங்கி நிற்கப் போடுகிற பூட்ஸ் வேண்டும் என்றார். ரோண்டா தரையில் மண்டியிட்டு, ஜோடி ஜோடியாக அவர் காலில் மாட்டிப் பார்த்தாள். தடித்த காலுறைக்கு ஒரு அளவு கூட வேண்டும், பாசிக் கல்லில் வழுக்காமல் இருக்க இந்த அடிப்பாகம்தான் வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். லோவெல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போனார். அடுத்த வாரம் அதே பூட்ஸ், அதே அளவு, கம்ப்யூட்டர் வழியாக வீட்டு வாசலுக்கு வந்து இறங்கியது. கயிறு மட்டும் பளீரென்ற ஆரஞ்சு நிறம். அதை மாட்டிக்கொண்டு அவர் கடை வழியாகவே நடந்து போனார். வெட்கம் என்று ஒன்று இருந்தால் பின்தெருவில் போயிருக்கமாட்டாரா? ரோண்டா வாசலில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“கால் அளவு சரியா இருக்கா லோவெல்?” என்றாள்.

கச்சிதமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்த வாசலை மிதிக்கவில்லை. அவள் குத்திக் காட்டியதால் இல்லை, அவள் ஏதாவது தலையில் கட்டிவிடுவாள் என்று.

இப்படியே விட்டிருந்தால் அவர் பாட்டுக்கு இருந்திருப்பார். ஆனால் கடையில் கல்லாவுக்குப் பின்னால் அந்தச் சுவர் இருக்கிறதே, அது அவரை விடவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் பிடித்துத் திரும்ப ஆற்றில் விட்ட மீன்களோடு எடுத்துக்கொண்ட படங்கள் அந்தச் சுவர் முழுக்க இருக்கும். தபால்காரர் இருக்கிறார். பாதிரியார் இருக்கிறார், கழுத்துப் பட்டையோடு. பள்ளிக்கூடத்துச் சமையல்காரி இருக்கிறாள். காவல் அதிகாரி ஒருவர், மீனைக் கைது செய்தவர் மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கிறார். மீன் பெரிதா சிறிதா என்பதில்லை. ரோண்டா பார்த்துச் சரி என்றால் சுவரில் ஏறும். அந்தச் சுவரில் ஏறியவன்தான் ஊர்க்காரன். லோவெலின் வண்டியிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தால் நேரே தெரிவது அந்தச் சுவர்தான். எதற்காக அங்கே வண்டியை நிறுத்தினார் என்று இப்போது தெரிகிறதா?

அந்தச் சுவரில் அவருடைய மனைவி இருந்தாள்.

ஜோலீன் அவருக்குப் பிறந்தநாள் பரிசு வாங்க ஒரு சனிக்கிழமை கடைக்குப் போனவள். ரோண்டா அவளைப் புல்தரைக்கு இழுத்துப்போய்க் கையில் தூண்டிலைக் கொடுத்துவிட்டாள். பழக்கம் ஒட்டிக்கொண்டது. அடுத்த கோடையில் ஒரு சின்ன மீனைப் பிடித்து, வாயெல்லாம் பல்லாக நின்ற படம் சுவரில் ஏறியது. தபால்காரருக்கும் பாதிரியாருக்கும் நடுவில். அதைப் பற்றி லோவெல் வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலே மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். கடையில் காசு கொட்டுகிறவர்களுக்குத்தான் சுவர் என்று பிறகு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனால் மனசுக்குள் ஒரே எண்ணம்தான்: அந்தச் சுவரில், அவள் படத்தைவிடப் பெரிதாக, அவள் மீனைவிடப் பெரிய மீனோடு, தான் இருக்க வேண்டும். சாப்பிடும்போதும் அதுதான், தூங்கும்போதும் அதுதான்.

இலையுதிர்காலம் வந்தது. பழுப்பு ட்ரௌட் மீன்கள் முட்டையிட மேலே ஏறிவரும் காலம். பழைய பாலத்துக்குக் கீழே, தண்ணீர் ஆழமில்லாத இடத்தில், தாய்மீன் பக்கவாட்டில் படுத்து வாலால் அடித்து அடித்துக் கூழாங்கற்களைப் பெருக்கி, குழி பறித்து முட்டை போட்டு, மேலே கல்லைத் தள்ளி மூடிவிடும். சுற்றிலும் பாசி படிந்து கறுத்த கற்கள். அந்த இடம் மட்டும் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி வெளுத்துத் தெரியும். அதன்மேல் ஒருவன் காலை வைத்தால் வருகிற வருஷத்து மீன் அங்கேயே நசுங்கும். அந்தப் பக்கம் போகக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. கடையின் கரும்பலகைதான் சட்டம். பாலத்துக்குக் கீழே வேண்டாம், வெளுத்த கல்லை மிதிக்காதே என்று ரோண்டா பெரிய எழுத்தில் எழுதினால், பனி விழுந்து முடியும்வரை ஊரில் ஒருவரும் அங்கே தூண்டில் வீசுவதில்லை.

ஜோலீன் அந்தச் சனிக்கிழமை கடையிலிருந்து வந்ததும் மேஜையில் பூசணிப் பலகாரத்தை வைத்துக்கொண்டே சொன்னாள்.

“பாலத்துக்குக் கீழ போயிடாத லோவெல். மீனு முட்டை போட்டிருக்காம். வெளுப்பா இருக்கிற கல்லு மேல கால் வைக்கக் கூடாதாம். ரோண்டா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கா.”

லோவெல் பலகாரத்தில் பெரிய துண்டாகப் பார்த்து வெட்டினார். “ஒருத்தி ஊர் முழுக்கக் கூவிக் கூவிப் போகாதன்னு சொல்றான்னா, அங்கதான் மீன் இருக்குன்னு அர்த்தம்.”

“அங்க மீன் இருக்குன்னுதான் அவளே சொல்றா. அதனாலதான் போகாதங்கறா.”

“காசு குடுக்கிறவனுக்கு எடுத்து வைக்கிறா. முப்பது வருஷம் பொய்யைக் கண்டுபிடிக்கிறதுதான் ஜோலீன் எனக்கு வேலை.”

இந்த ஊரில் மீன்பிடிக்கிறவன் இடத்தைப் பற்றி உண்மை சொல்லமாட்டான் என்பது வாஸ்தவம்தான். மேலே பிடித்தால் கீழே என்பான், வடக்கே பிடித்தால் ஒன்றுமே கிடைக்கவில்லை என்பான். அது விளையாட்டு. பெஞ்சில் ஒருநாள் உட்கார்ந்து காப்பி குடித்திருந்தால் எது விளையாட்டு, எது வினை என்று லோவெலுக்குத் தெரிந்திருக்கும். வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தவருக்கு வாய் அசைவது தெரியும், வார்த்தையா தெரியும்? ஆகவே, ஊரே போகாத இடத்துக்கு அவர் மட்டும் கிளம்பினார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை ஆரஞ்சுக் கயிறு கட்டிச் செய்தார்.

முட்டைக் காவலில் நிற்கிற மீனுக்குப் பசியில்லை, கோபம்தான். பக்கத்தில் எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும். லோவெலின் தோரணத்து ஈயைக் கடித்தது அதனால்தான். வித்தையும் இல்லை, வெங்காயமும் இல்லை. பச்சைக் குழந்தைக்காரி வீட்டுக்குள் புகுந்து, அவள் அடிக்க வந்தாள் என்று பெருமை பேசுவது மாதிரிதான் இது. ஆனால் மீன் பெரியது. அதை மறுக்க முடியாது. தண்ணீர் தெளிந்து வழுக்காமல் கால் நன்றாக ஊன்றி நிற்க வசதியாக ஓர் இடம் அவருக்குக் கிடைத்தது. சுத்தமான, வெளுத்த இடம். அதன் நடுவில் ஏறி நின்றார். கரையில் தாங்கி ஒன்றில் போனைப் பொருத்தி, தானாகப் படம் எடுக்கும்படி வைத்தார். இரண்டு கையாலும் மீனை முன்னால் நீட்டிப் பிடித்து, அது சின்னதாகத் தெரியக் கூடாது என்று இன்னும் கொஞ்சம் நீட்டி, சிரித்தார். படம் சரியாக விழுந்ததா என்று போய்ப் பார்த்து, திரும்ப வந்து நின்று, மறுபடி சிரித்தார். அதற்குள் மீனுக்கு மூச்சு முட்டியிருக்கும். கடைசியில் அதை அளந்துவிட்டுத் தண்ணீரில் விட்டார்.

படம் அச்சடித்தும் கொடுக்கிற மருந்துக்கடையில் அதைப் பெரிதாகப் போட்டு வாங்கினார், சுவரில் இருக்கும் எல்லாப் படங்களையும்விடப் பெரிதாக. அதற்கு மட்டும் கை தாராளமாக வந்தது. தலையை வாரிக்கொண்டு, நான்கு வருஷத்துக்குப் பிறகு ரோண்டாவின் கடைக்குள் நுழைந்தார்.

பெஞ்சில் ஆர்னி உட்கார்ந்திருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காலையில் பாதி நேரம் அங்கேதான் இருப்பார். லோவெல் படத்தைக் கல்லா மேஜையில் விரித்தார். ரோண்டா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். அவள் மீனைப் பார்க்கவில்லை. படத்தின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க பிடிச்ச?” என்றாள்.

“மேல எங்கேயோ,” என்று லோவெல் கண் சிமிட்டினார். இந்தப் பதிலைச் சொல்வதற்காக ஒன்பது வருஷம் காத்திருந்தவர் அவர். ஊர்க்காரன் இப்படித்தான் சொல்வான் என்று அவருக்குத் தெரியும்.

ஆர்னி எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். பாதி குடித்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு, தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார். கிழவனுக்கு வயிற்றெரிச்சல் என்று லோவெல் நினைத்துக்கொண்டார். அவருக்கு அன்று உலகமே வயிற்றெரிச்சலில் கிடப்பதாகத்தான் தோன்றியது.

ரோண்டா கண்ணாடியைக் கழற்றினாள். அவள் முகம் சிவந்திருந்தது. வாய் ஓயாதவள், அன்றைக்கு நிறுத்தி நிறுத்திப் பேசினாள். “கரும்பலகையைப் படிச்சியா லோவெல்?”

தான் அதையெல்லாம் படிப்பதில்லை என்று லோவெல் சொன்னார். அவள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். ஜோலீன் அங்கே பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். ரோண்டாவுக்கு அவள் சிநேகிதி.

“போடணுமா, இத?”

“அதுக்குத்தானே கொண்டுவந்தேன்.”

“சரி. சனிக்கிழமை வா.”

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான். அந்த வாரம் முழுக்க லோவெல் ஊரில் குடை பிடித்தார். முடிவெட்டும் கடையில் சொன்னார். காலை உணவகத்தில் பக்கத்து மேஜைக்காரனின் அப்பம் ஆறிப்போகும்வரை சொன்னார். பெட்ரோல் போடுகிற இடத்தில் சொன்னார். கேட்டவர்களெல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். ஆர்னி வாய் சும்மா இருந்திருக்குமா? ஜோலீன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு விஷயம் தெரிந்துபோயிருந்தது. இரண்டு தடவை அவரிடம் சொல்ல வந்தாள். இரண்டு தடவையும் அவர் மீனின் நீளத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

சனிக்கிழமை கடை நிரம்பியிருந்தது. நன்றித் திருநாள் விருந்துக்காக உறவுக்காரர்கள் வீட்டுக்கு வந்திருந்த வெளியூர்க்காரர்கள் பாதிப்பேர். ஜோலீன் பெஞ்சில் காப்பியோடு உட்கார்ந்திருந்தாள். லோவெல் நேரே கல்லாவுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார். தபால்காரர், ஜோலீன், பாதிரியார். தன்னைக் காணோம். இடமில்லாமல் வேறெங்கோ வைத்திருப்பாள் என்று கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடினார்.

படம் வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே வருகிறவர் யாரும் பார்க்காமல் தாண்ட முடியாத இடம். கழுத்துக்கு மேலே கத்தரியால் நேராக வெட்டியிருந்தது. தலை இல்லாத மனிதன் ஒருவன் மீனை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் காலில் ஆரஞ்சுக் கயிறு. காலைச் சுற்றி வெளுத்த கூழாங்கற்களைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, கீழே ரோண்டா எழுதியிருந்தாள்: இங்கே நிற்காதே. உன் காலடியில் இருப்பது முட்டை.

லோவெல் அதைப் படித்தார். மறுபடி படித்தார். முப்பது வருஷம் அடுத்தவர் கூரை ஓட்டையைப் பார்த்தவருக்கு, தன் காலடி அப்போதுதான் கண்ணில் பட்டது. பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் பக்கத்தில் விஸ்கான்சினிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், தலையில் விலைச்சீட்டு இன்னும் தொங்குகிற புதுத் தொப்பியோடு, அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “யாருங்க இந்த அறிவுகெட்ட ஆளு?” என்று கல்லாப் பக்கம் திரும்பிக் கேட்டார்.

ஜோலீன் கோப்பைக்குள் பார்த்தாள். பாதிப் பேர் லோவெலின் பூட்ஸைப் பார்த்தார்கள். அன்றைக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ரோண்டா ஈப் பெட்டிகளை அடுக்குவதை நிறுத்தவில்லை.

“வெளியூர்க்காரரு யாரோங்க. நம்ம ஊர்ல அந்த மாதிரி ஆளு கிடையாது.”

மரத்தால் செய்தவனுக்குக்கூடப் புரிந்திருக்கும். தலையை வெட்டியதே அதற்காகத்தான். ஒரு சல்லிக்காசுக்கு வியாபாரம் தராத மனிதனுக்கு, அவன் பெண்டாட்டி முகத்துக்காக, ரோண்டா திறந்துவிட்ட வாசல் அது. லோவெல் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வாயை மூடிக்கொண்டு நிற்பது. நின்றார். கொஞ்ச நேரம் நிற்கத்தான் செய்தார்.

விஸ்கான்சின்காரர் கண்ணை இடுக்கிக்கொண்டு இன்னும் கிட்டே போனார். “முட்டை மேல ஏறி நின்னு பிடிச்சும் மீனு ஒண்ணும் பெரிசா இல்லையே. பதினெட்டு அங்குலம் இருக்குமா?”

“இருபத்தஞ்சு,” என்றார் லோவெல். “நானே அளந்தேன். பிடிச்சது நான்தான்.”

பெரியவர் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு கீழே பூட்ஸைப் பார்த்தார், பிறகு படத்தைப் பார்த்தார். ஓரடி தள்ளி நின்றுகொண்டார். ரோண்டா பெட்டியை மூடினாள். கல்லா இழுப்பறையைத் திறந்து லோவெலின் தலையை எடுத்தாள். அதை அவள் தூக்கிப் போடாமல்தான் வைத்திருந்தாள். ஒட்டுத்தாளைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, வெட்டிய கழுத்தின்மேல் தலையைப் பொருத்தி ஒட்டினாள். சிவப்பு வட்டத்துக்கு நேர் மேலே, காது வரைக்கும் சிரித்துக்கொண்டு, லோவெல் ஓஸ்ட்பி சுவரில் ஏறினார்.

“இப்ப சரியா?” என்றாள்.

லோவெல் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். கடையே அவர் வாயைப் பார்த்தது. மன்னிப்புக் கேட்பார் என்று சிலர் நினைத்திருக்கலாம். ஒன்பது வருஷமாக அவரைத் தெரியாதவர்கள்.

“தலை கொஞ்சம் கோணலா இருக்கே,” என்றார்.

ஜோலீன் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். ஒட்டுத்தாளைப் பிரித்து, தலையை நேராக்கி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். “இப்ப நேரா இருக்கு லோவெல்,” என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. கல்லாவுக்குப் போய் மூன்று ஈ எடுத்துப் பணம் கொடுத்துவிட்டு, அவரைக் கூப்பிடாமல் வெளியே நடந்தாள். லோவெல் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.